அழைக்காமல் வருகிறவர்

பொன்செல்வியும் அவரிடம் கற்பவர்களும் நூலகக் கணினிகளுக்கென ஓர் இயங்குதளத்தை உருவாக்கி வந்தார்கள். வெளியிடுவதற்கு முன் ஒரு முடிவு மட்டும் மிச்சமிருந்தது. வெளியிலிருந்து கணினிக்குள் நுழைய முயல்பவர்களைத் தடுக்கும் ஃபயர்வால் தொடக்கத்திலேயே தானாக இயங்க வேண்டுமா, அல்லது விரும்பியவர் இயக்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

"தானாக வேண்டாம், டீச்சர்" என்றார் தேவசகாயம். ரயில்வேயில் ஓய்வு பெற்றபின் கற்க வந்தவர். ஆசிரியரைவிட இருபது வயது மூத்தவர்.

"சிக்னல் பிரிவில் இருந்தவர் பேசுகிற பேச்சா இது? உங்கள் சிக்னல் பழுதானால் எந்த நிறத்தில் நிற்கும், ஐயா?" என்று கேட்டார் பொன்செல்வி.

"சிவப்பில்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"என் மகன் ரூபன் கனடாவுக்குப் போகும்முன் என் கணினியில் ஒரு நிரலைப் போட்டுக் கொடுத்தான். அவன் அழைத்தால் நேரே திரையில் முகம் தெரியும். அவன் திருமணத்துக்கு நான் போகவில்லை. இரண்டு ஆண்டுகளாக அழைப்பே இல்லை. நான் கணினியை அணைப்பதில்லை, ஃபயர்வாலும் போடுவதில்லை. என்றைக்காவது அவன் வந்து, மூடியிருக்கிறதென்று திரும்பிவிட்டால்?"

"அந்தக் கணினியை நாளை கொண்டு வாருங்கள்."

கொண்டு வந்தார். வெளியிலிருந்து நுழைய முயன்றவர்களின் பதிவைப் பொன்செல்வி திறந்தார். வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. எல்லாம் முகம் தெரியாதவர்கள். கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்தவர்கள்.

"எத்தனை பேர், ஐயா?"

"நாற்பதாயிரத்துக்கு மேல்."

"ரூபன்?"

தேவசகாயம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை தேடினார்.

"இல்லை."

"நூலகத்தில் வந்து உட்காருகிறவருக்கு இந்தப் பதிவைப் படிக்கத் தெரியுமா?"

"இப்படி ஒன்று இருப்பதே தெரியாது."

"அப்படியானால் அவருக்காக அது தொடக்கத்திலேயே இயங்கட்டும்."

சொல்லிக்கொண்டே பொன்செல்வி அவருடைய கணினியிலும் ஃபயர்வாலை இயக்கினார். தேவசகாயம் பதறி எழுந்தார்.

"டீச்சர்! இனி அவன் குரல் எப்படி உள்ளே வரும்?"

"அழைக்காமல் வருகிறவரைத்தான் இது நிறுத்தும். நாம் அழைத்து வருகிற பதிலை இது ஒருநாளும் தடுக்காது."

பிறகு ரூபன் தந்த நிரலைத் திறந்து, அதில் ஒரு பக்கத்தைக் காட்டினார்.

"ஒன்றுமே இல்லையே, டீச்சர். பழுதா?"

"பழுதில்லை, ஐயா. இங்கிருந்து ரூபனுக்குப் போன அழைப்புகள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கும்."