விட்டாலிஸின் சாயாத கோல்

ரோமாபுரி ராஜ்யம் தள்ளாடிக்கொண்டிருந்த காலத்தில் டான்யூப் ஆற்றங்கரையில் ஒரு கோட்டை இருந்தது. அதைக் காவல் காத்த புண்ணியவான்களைப் பார்த்தவர்கள், ராஜ்யம் ஏன் தள்ளாடுகிறது என்று அப்புறம் யாரையும் கேட்டதில்லை.

கோட்டைத் தலைவன் விட்டாலிஸ், பாதி ஆயுள் குதிரை லாயம் கூட்டியவன். அந்த ராணுவத்தில் அதிகாரிக்கு அடையாளம் கையிலிருக்கும் கோல்தான். ஆளுயரம் இருக்கும், உச்சியில் காளான் மாதிரி ஒரு குமிழ். தளபதி அதைக் கொடுக்கும்போது இரண்டு உத்தரவு போட்டிருந்தார். கோலைச் சாய்க்கக் கூடாது. நீளக் கோல்காரன் சொன்னால் குட்டைக் கோல்காரன் கேட்க வேண்டும்.

விட்டாலிஸ் சாய்ப்பானா? ராத்திரி மல்லாந்து படுத்தாலும் கோலை நெஞ்சின் மேல் நெட்டுக்குத்தாக நிறுத்தித்தான் தூங்குவான். தும்மல் வந்தால் இரண்டு வீரர்கள் ஓடிவந்து தாங்கிக்கொள்வார்கள்.

இப்படி இருக்கையில், மறுநாள் தளபதி கோட்டையைப் பார்வையிட வருகிறார், லாயக்கில்லாத அதிகாரிகளின் கோலைப் பிடுங்கிவிடுகிறார் என்று சேதி வந்தது. விட்டாலிஸ் கோலைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். திரும்பவும் லாயம் கூட்டப் போக வேண்டுமே என்று வீரர்கள் முன்னாலேயே விம்மி அழுதான். பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது.

லூப்பஸ் என்ற வீரன் வெகுநேரம் யோசித்தான். "தலைவரே, அவர் கோல் உங்க கோலைவிட ஒரு முழம் நீளம். அந்தத் திமிர்லதான் பிடுங்குறார். உங்க கோல் நீளமாயிட்டா?"

கோட்டைக்கு வெளியே வைத்து, கூடாரக் கழிகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோலோடு கட்டினார்கள். கோல் பனைமர உயரத்துக்குப் போய்விட்டது. உள்ளே வரலாம் என்றால் வாசல் வளைவு இடித்தது. சாய்க்கவோ கூடாது.

பாஸஸ் என்ற இன்னொருவன், வாசலில் பள்ளம் வெட்டினால் தலைவர் அதில் இறங்கி நடந்து வந்துவிடலாம் என்றான்.

"அட கூறுகெட்டவனே, தலைவர் தாழ்ந்துபோனா பதவியும் தாழ்ந்துபோகாதா?" என்று லூப்பஸ் கேட்டான். நியாயம்தான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டு, கடப்பாரை கொண்டுவந்து வளைவை இடித்தார்கள். கதவும் கூடவே விழுந்தது. விட்டாலிஸ் கம்பீரமாக உள்ளே வந்தான்.

மறுநாள் தளபதி வந்தார். கோட்டைக்கு வாசலே இல்லாததைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. எவன் இங்கே தலைவன் என்று கத்திக்கொண்டே வந்தவர், கோலைப் பார்த்தார். அதன் உச்சியைத் தேடி அண்ணாந்தார். தொப்பி கீழே விழுந்தது. அவர் போட்ட உத்தரவாயிற்றே, அவரே மீறலாமா? குதிரையை விட்டு இறங்கி விட்டாலிஸுக்கு வணக்கம் வைத்தார். விட்டாலிஸ் ஆனந்தத்தில் கோலை இன்னும் நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டான்.

அந்தச் சந்தோஷம் ஒருவேளைச் சாப்பாடு வரைக்கும்கூட நிற்கவில்லை. அக்கரையிலிருந்து எதிரி நாட்டு மீன்காரன் ஒருவன் ஓடத்தை ஒதுக்கிவிட்டு, ஓடம் தள்ளும் கழி களவு போகாமலிருக்க அதையும் தோளில் போட்டுக்கொண்டு, திறந்து கிடந்த கோட்டைக்குள் வந்தான். ஆழமான ஆறு, நீளமான கழி. விட்டாலிஸின் கோலைவிட இரண்டு முழம் கூடுதல்.

எல்லாரும் விறைத்து நின்றார்கள். "சாய்ச்சுப் பிடிச்சிருக்காரே?" என்று பாஸஸ் கிசுகிசுத்தான். அவ்வளவு பெரிய அதிகாரிக்கு உத்தரவு போட யார் இருக்கிறார்கள் என்று தளபதி அவனை அடக்கினார்.

மீன்காரன் விற்கக் கொண்டுவந்த மீன் கூடையை இறக்க இடம் பார்த்தான். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா" என்றான்.

படை அணிவகுத்துத் தள்ளிப் போனது. ஊரைத் தாண்டி, காட்டைத் தாண்டி, ஒரு மலையையும் தாண்டிப் போனது. இது போதுமா என்று கேட்டுவர விட்டாலிஸைத் தளபதி அனுப்பினார். அவன் மூச்சு வாங்க ஓடிவந்தபோது, மீன்காரன் காலிக் கோட்டையில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"இவ்வளவு தள்ளினா போதுங்களா? அப்புறம்..." விட்டாலிஸ் கோலை இறுகப் பிடித்துக்கொண்டான். "என் கோலை என்ன பண்ணப் போறீங்க?"

"உன் கோல் எனக்கு எதுக்குப்பா? நீயே வச்சுக்கோ."

விட்டாலிஸ் திரும்பி ஓடிய ஓட்டத்தில் ஒரு குதிரைகூட அவனைப் பிடித்திருக்காது. மலைக்கு அந்தப் பக்கம் கவலையோடு காத்திருந்த படையைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கத்தினான்.

"பயப்படாதீங்க, கோட்டை மட்டும்தான் போச்சு!"

தளபதி ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்.