மாடியில் மறித்து நின்றவர்

எதிர்மலை டவரிலிருந்து எஸ்டேட் முதலாளி ரத்தினசபாபதியின் பங்களாவுக்கு வரும் நெட், காற்றடித்தால் போதும், படுத்துவிடும். மாடியேறி, நெட்டை வாங்கும் டிஷ்ஷைப் பார்த்த மெக்கானிக்குகள் எல்லாம் இறங்கிவந்து, முதலாளியின் மீசையைப் பார்த்ததும் "மேகம்தாங்க" என்று நழுவிவிட்டார்கள்.

கடைசியில் மாட்டியவள் சமையற்காரி பவுனுத்தாயி.

"வடாம் காயப்போட மாடிக்குப் போறவ நீதானே? டிஷ்ஷை ஆட்டிவிட்டவளும் நீதான். துபாய்க்காரனோட மீட்டிங்குக்குள்ள நெட் வரலைன்னா உனக்கு இங்கே வேலை இல்லை!"

"நான் தொடலைங்கய்யா. டிஷ்ஷுக்கு முன்னால ஒருத்தர் மறிச்சு நிக்கிறாரு. பெரிய இடம். நான் எப்படிங்க கைவைக்கிறது?"

எஸ்டேட் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் முதலாளி கத்தினார்: "என் மாடியில என்னைவிடப் பெரியவனா? எவனா இருந்தாலும் வெட்டிச் சாய்டி!"

"எல்லாரும் கேட்டுக்குங்க, ஐயா உத்தரவு" என்று சொல்லிவிட்டு, பவுனுத்தாயி அரிவாளோடு ஏறினாள். முட்டுக்கொடுத்த மூங்கிலில் போட்டாள் ஒரு வெட்டு.

முதலாளியின் அறுபதாம் கல்யாணத்துக்கு வைத்த நாளிலிருந்து டிஷ்ஷின் மேல் சாய்ந்து சாய்ந்து ஆடிக்கொண்டிருந்த பிரம்மாண்டமான கட்டவுட், கும்பிட்ட கையும் முறுக்கிய மீசையுமாக முற்றத்தில் மல்லாந்து விழுந்தது.

உள்ளே கம்ப்யூட்டரில் துபாய்க்காரன் "ஹலோ, ஹலோ" என்றான்.

"நெட் வந்துடுச்சுங்கய்யா, பேசுங்க!" என்று மாடியிலிருந்து குரல் கொடுத்தாள் பவுனுத்தாயி.