குதிரைக்குப் போர்த்திய துண்டு

“குருவம்மா, இந்தாங்க, மண்ணைச் சீவக் கொடுத்த உங்க மூங்கில் பத்தை. எனக்கு இந்த மண் வேலை சரிப்பட்டு வராது.”

சொன்னவர் மாசிலாமணி. இட்லிக் கடைக்காரர், மீசை நரைத்தவர். குரு செண்பகத்துக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். மடியில் கைக்குழந்தை வேறு.

அவளிடம் அவர் மண் வேலை கற்கச் சேர்ந்தபோது தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். மண்ணில் ஒரு குதிரை செய்துவிட வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை.

“ஏன் அண்ணே?”

“நேரம் எங்க இருக்கு? நாலு காலைப் பிடிச்சு முடிக்கறதுக்குள்ள கடையில கூப்பிடுவாங்க. இல்லேன்னா அம்மாவுக்கு மருந்து கொடுக்கணும். மண்ணைத் திரும்ப உருட்டி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுவேன்.”

“உருட்டியா?”

“பின்ன? பாதியில விட்டா அரைகுறையா நிக்காதா? மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பேன்.”

குரு சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“ஒரு நாள்கூட முழுசாக் கிடைக்கலையா?”

“கிடைச்சுது. போன வாரம் கடையையே சாத்திட்டு உட்கார்ந்தேன். காலு, உடம்பு, கழுத்து, தலை, எல்லாம் ஒரே மூச்சுல.”

அவர் குரல் இறங்கியது.

“தள்ளி நின்னு பார்த்தேன். குதிரை படுத்துருச்சு.”

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. மாவு மொத்தமும் புளித்துப்போன நாளில்கூட அவர் இப்படி உடைந்ததில்லை.

குரு மூங்கில் பத்தையை வாங்கவில்லை.

“திருப்பித் தர்றதுன்னா தாங்க. ஆனா அதுக்கு முன்னாடி நாலு காலு மட்டும் செஞ்சு வச்சுட்டுப் போங்க.”

“காலு மட்டுமா?”

“காலு மட்டும்.”

பத்தையை இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வருஷமாகக் காலைத் தவிர வேறெதையும் உருப்படியாகச் செய்யாத கை. கிடுகிடுவென்று நான்கும் எழுந்து நின்றன. குளம்பும் முழங்காலும் அத்தனை அழகு. குருவே குனிந்து பார்த்தாள்.

எதிர்ச்சாரிக் கடையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“எங்க போய்த் தொலைஞ்சீங்க? பத்துப் பேரு தட்டோட உட்கார்ந்திருக்காங்க! சட்னி இல்ல!”

மாசிலாமணி பெருமூச்சு விட்டார். பழக்க தோஷம், இரண்டு கைகளும் கால்களை நசுக்கப் போயின.

“கையை எடுங்க!”

குரு போட்ட சத்தத்தில் குழந்தை வீறிட்டது.

அவள் அவர் தோளில் கிடந்த துண்டை உருவினாள். பானைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தாள். நான்கு கால்களையும் மெல்லப் போர்த்தினாள்.

“தினமும் இட்லித் துணி நனைக்கிற கைதானே அண்ணே இது?”

“பாதியிலயா விட்டுட்டுப் போறது?”

“காலு வெடிக்காம மெதுவா இறுகணும். அப்பத்தான் உடம்பைத் தாங்கும். நீங்க போய்க் கடையில நில்லுங்க. அது இங்க நிக்கக் கத்துக்கட்டும்.”

மாசிலாமணி போர்த்திய துண்டைக் குனிந்து பார்த்தார்.

“குதிரை படுத்த அன்னிக்கு நான் நடுவுல எந்திரிச்சே போகலையே,” என்றார் மெதுவாக.

குரு குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“திரும்ப எப்ப வரட்டும்?”

“துணி காயறதுக்குள்ள.”

தெருவைக் கடக்கும்போதுதான் கவனித்தார். மூங்கில் பத்தை இன்னும் அவர் இடுப்பு மடிப்பிலேயே இருந்தது.

சட்னி அரைத்தார். பரிமாறினார். பத்துப் பேரும் சாப்பிட்டுக் கை கழுவினார்கள். அதற்குள் வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

மனைவி அவர் வெறுந்தோளைப் பார்த்தாள்.

“துண்டு எங்க?”

“நனைச்சு குதிரைக்குப் போர்த்தியிருக்கேன். அது காயறதுக்குள்ள போகணும்.”

அவள் அவரை ஒரு தரம் பார்த்தாள். வாசலில் ஏறிக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்தாள்.

“இந்த வெயிலுக்கு இந்நேரம் காஞ்சிருக்குமே,” என்று அவர் கையிலிருந்த சட்னிக் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.