முதுகு அரித்த மகாராஜா

செம்பொறை நாட்டை ஆண்ட மகாராஜா அரிமர்த்தனருக்கு ஒருநாள் கொலு மண்டபத்தில் முதுகு அரித்தது.

சாதாரண அரிப்பா அது? நட்ட நடு முதுகில். மேலே இருந்து கை விட்டாலும் எட்டாது, கீழே இருந்து விட்டாலும் எட்டாது. அன்றைக்குப் பார்த்துப் புதுச் சரிகை அங்கி வேறு. எதிரே பக்கத்து நாட்டுத் தூதர்கள். அவர்களில் ஒருவர் வாழ்த்துப் பாட ஆரம்பித்தவர், முடிக்கிற வழியைக் காணோம். நாமாக இருந்தால் எழுந்து போய்த் தூணில் நாலு தேய்ப்புத் தேய்த்துக்கொள்வோம். ராஜா தேய்க்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு சிம்மாசனத்தில் நெளிந்தார்.

அந்த நேரம் பார்த்து மந்திரி திருவம்பலம் காதருகே குனிந்தார். "மகாராஜா, புது ஏரியை எங்கே வெட்டலாம்?"

"உம்ம தலையில வெட்டும்! எருமை, எருமை!"

பாட்டு நின்றுவிட்டது. தூதர்கள் மீசைக்குள் சிரித்தார்கள். மந்திரியின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. ராஜாவைத் திருப்பித் திட்ட முடியுமா? விறுவிறுவென்று வெளியே வந்தார். வாசலில் தளபதி வீரபுத்திரன் பாவம், கும்பிடு போட்டான்.

"கும்பிடா இது? கொசு அடிக்கிறீரா?" என்று விட்டார் ஒரு அறை.

தளபதிக்குக் காது ஙொய்யென்றது. மந்திரி மேல் கை வைக்க முடியுமா? நேரே யானைக் கொட்டாரத்துக்குப் போனான். "ஏன்டா இங்கே சாணி கிடக்கு?" என்று பாகன் மாசாணத்தை மிதித்தான்.

"யானை இருந்தா சாணி இருக்குமுங்க" என்றான் மாசாணம். அதற்கு இன்னொரு மிதி.

தளபதி போனதும் மாசாணம் அங்குசத்தை எடுத்து, அல்லி என்கிற அந்தச் சாதுவான யானையின் காதில் ஒரு குத்துக் குத்தினான். யானைக்குக் கீழே யாரும் இல்லை. ஒரு சுவர்தான் இருந்தது. அது அரண்மனைச் சமையல்கட்டுச் சுவர்.

இங்கே வாழ்த்துப் பாட்டு முடிந்து, தூதர்கள் விடுதிக்குப் போய், 'அப்பாடா, அந்தப்புரத்தில் யாரையாவது சொறியச் சொல்லலாம்' என்று ராஜா எழுந்தாரோ இல்லையோ, தடாலென்று சத்தம். சமையல்காரன் தலையெல்லாம் பாயசத்தோடு ஓடிவந்தான். "மகாராஜா! பாகன் அங்குசத்தால குத்தினான், யானை முட்டிடுச்சு! சுவரும் போச்சு, சோறும் போச்சு!"

அரிப்போடு பசியும் சேர்ந்துகொண்டது. ராஜா குதித்தார். "பாகனை இழுத்து வாருங்கள்! குத்தின கையை வெட்டுங்கள்!"

மாசாணம் தரையில் விழுந்து கதறினான். வாளும் வந்துவிட்டது; சத்தம் கேட்டு மந்திரியும் தளபதியும்கூட ஓடிவந்துவிட்டார்கள்.

சபையில் ஆவுடையான் என்று ஒரு விகடகவி. வாய்த் துடுக்குக்காகவே அவனுக்குச் சோறு போட்டு வைத்திருந்தார் ராஜா. அவன் எழுந்தான்.

"மகாராஜா, இவன் கடைசி ஆள். ஆரம்பித்தவனைப் பிடிக்க வேண்டாமா?"

"யார் அவன்? இப்பவே பிடி! எவனாக இருந்தாலும் அவன் முதுகில் சவுக்குப் படவேண்டும். இது என் வாக்கு. பிடிக்காவிட்டால் உன் முதுகு!"

ஆவுடையான் சவுக்கை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"மாசாணம், யானையை ஏன் குத்தினாய்?"

"தளபதி மிதிச்சாருங்க."

"தளபதியாரே?"

"மந்திரி அறைந்தார்."

"மந்திரியாரே?"

மந்திரி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "மகாராஜா என்னை... அந்தப் பிராணியின் பெயரைச் சொல்லி..."

ஆவுடையான் ராஜா பக்கம் திரும்பினான். "மகாராஜா?"

ராஜாவின் கண் சிவந்தது. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. "முதுகு அரித்ததடா!" என்று கத்தினார். "காலையிலிருந்து அரிக்கிறது! இப்பவும் அரிக்கிறது! ஒரு பயல் சொறிந்துவிடவில்லை!"

"அகப்பட்டான்!" என்றான் ஆவுடையான். "ஆரம்பித்தவன் அந்த அரிப்புதான். மகாராஜாவின் முதுகிலேயே ஒளிந்திருக்கிறான். தண்டனையை நிறைவேற்ற உத்தரவு வேண்டும்."

சவுக்கோடு சிம்மாசனத்துக்குப் பின்னால் போனான். காவலர்கள் ஈட்டியைத் தூக்கினார்கள். அவன் சவுக்கைத் திருப்பிப் பிடித்து, அதன் கட்டைப் பிடியை ராஜாவின் அங்கிக்குள் விட்டு, நட்ட நடு முதுகில் வறட் வறட்டென்று சொறிந்தான்.

"ஆ..." என்றார் ராஜா. கண் சொக்கியது. "அவனை விடாதே... இன்னும் போடு... ஆஹா!"

அரிப்பு அடங்கியது. கோபமும் எங்கோ போய்விட்டது. வாளைப் பார்த்து, "இதை யார் இங்கே கொண்டுவந்தது?" என்று கேட்டார். மாசாணம் இரண்டு கையாலும் கும்பிட்டான்.

"சரி, ஆவுடையா. இவர்கள் பட்ட அடிக்கு என்ன வழி? இவனுக்கு அவன் மேல் கோபம், அவனுக்கு இன்னொருவன் மேல் கோபம். நாளைக்கு வேறு சுவர் விழுமே?"

"யார் யாரை அடித்தாரோ, அடிபட்டவர் முதுகை அடித்தவர் சொறிந்துவிட வேண்டியது. தீர்ந்தது."

"பலே! நடக்கட்டும்!"

பாகன் யானையை மண்டப வாசலுக்குக் கொண்டுவந்து, அதன் காதுக்கு மருந்து போட்டு முதுகைத் தேய்த்தான். தளபதி மூக்கைப் பிடித்துக்கொண்டு பாகனுக்குச் சொறிந்தான். மந்திரி மோதிரங்களைக் கழற்றிவிட்டுத் தளபதிக்குச் சொறிந்தார். எல்லோரும் வரிசையாக நின்றார்கள். மந்திரியின் முதுகு மட்டும் சும்மா இருந்தது.

ஆவுடையான் கூரையைப் பார்த்தான். மற்றவர்கள் ராஜாவைப் பார்த்தார்கள்.

ராஜா கொஞ்ச நேரம் மந்திரியின் முதுகையே பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி ஆவுடையான் கழுத்தில் வீசினார். சிம்மாசனத்தை விட்டு இறங்கி, அங்கியின் கையை மடக்கி விட்டுக்கொண்டு மந்திரியின் பின்னால் போய் நின்றார்.

"மகாராஜா, வேண்டாம், நான் அற்பன்..." என்று நடுங்கினார் மந்திரி. ராஜாவின் நகம் பட்டது. நடுக்கம் நின்றது. கண் மூடியது. பதவி மறந்தது, சபை மறந்தது.

"இடது பக்கம்... அங்கேதான்... நிறுத்தாதேடா!"

ராஜா நிறுத்தவில்லை.