உச்சிக்கிளைக்கு ஏழு பேர் சண்டை

அந்தக் காலத்தில், பறவைகளுக்குள் பேச்சுவார்த்தை இருந்த நாளில், ஒரு வாகை மரத்தடியில் ஏழு தவிட்டுக்குருவிகள் இருந்தன. ஏழும் கூடப்பிறந்த அக்கா தங்கைகள். மூத்தவள் மூக்காயி. சாப்பாட்டில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒரு புழு கண்ணில் பட்டுவிட்டால் வானமே இடிந்து விழுந்தாலும் தலை நிமிர மாட்டாள். மற்ற ஆறு பேர் மட்டும் என்ன யோக்கியமா? எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

தரையில் சருகைக் கிளறித் தின்கிற பிழைப்பு. மேலே வல்லூறு சுற்றும். ஒருத்தி உச்சிக்கிளையில் காவல் இருந்தால்தான் மற்றவர்களுக்கு உயிர் மிஞ்சும். ஆனால் யார் போவது?

"நான் மேல போனா என் பங்கையும் நீ முழுங்கிருவே" என்று ஏழு பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்.

கடைசியில் கரிச்சான் குருவியைக் காவலுக்கு வைத்தார்கள். கருத்த உடம்பு, பிளந்த வால், தேனொழுகப் பேசும் வாய். "வேளைக்கு ஒரு புழு குடுங்க அக்கா, ஒங்க உசுருக்கு நான் பொறுப்பு" என்றான்.

ஆகா, என்ன காவல்! யாராவது கொழுத்த புழுவைக் கிளறி எடுத்தால் போதும், "வல்லூறு! வல்லூறு!" என்று கத்துவான். ஏழு பேரும் விழுந்தடித்து முட்புதருக்குள் ஓடுவார்கள். திரும்பி வந்தால் புழு இருக்காது. நாலாம் நாள் மூக்காயி ஓடாமல் ஒரு கல்லுக்குப் பின்னால் பதுங்கினாள். வானத்தில் ஈ காக்காய் இல்லை. கரிச்சான் சாவகாசமாக இறங்கி அவள் புழுவை விழுங்கிக்கொண்டிருந்தான்.

"அட திருட்டுப்பயலே! வேலியே பயிரை மேயுதே!"

ஏழு பேரும் கொத்தி விரட்டினார்கள். "ஒங்கள்ல எவளாவது சோத்தை விட்டுட்டு மேல ஏறுவாளான்னு பாக்கேன்" என்று சிரித்துக்கொண்டே அவன் பறந்து போனான்.

அவன் சொன்னது பொய்யில்லை. மறுநாள் ஒருத்தியும் ஏறவில்லை, ஒருத்தியும் நிம்மதியாகத் தின்னவுமில்லை. ஒரு கொத்து, உடனே அண்ணாந்து ஒரு பார்வை. பொழுது சாய்வதற்குள் வயிறு ஒட்டிப்போனது. மூக்காயிக்குப் பொறுக்கவில்லை.

"தின்னுங்கடி, தின்னு தொலைங்க! நான் பாத்துக்கிடுதேன்" என்று உச்சிக்கிளைக்குப் போய்விட்டாள்.

கீழே ஆறு பேர் தின்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த நேரம் பார்த்து அலகுக்கு நேரே ஒரு பச்சைப்புழு ஊர்ந்தது. ஒரே ஒரு கொத்துதானே! குனியப் போனவள் தங்கைகளை நினைத்தாள், பல்லைக் கடிக்கப் பல்லில்லாமல் அலகைக் கடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினாள். வல்லூறு பாய்ந்து வந்துகொண்டிருந்தது.

"ஓடுங்கடி!"

ஆறு பேரும் புதருக்குள் மறைந்தார்கள். அவளும் அடர்ந்த இலைகளுக்குள் விழுந்து தப்பினாள். வல்லூறு வெறுங்காலோடு திரும்பியது.

முதலில் மேலே வந்தவள் வெள்ளச்சி. பங்குச் சண்டையில் மூக்காயியின் பரம விரோதி அவள்தான். வாயில் கொழுகொழுவென்று ஒரு புழு.

"ஆ காட்டு அக்கா."

மூக்காயிக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே விழுங்கினாள். பின்னாலேயே மற்றவர்களும் ஆளுக்கொரு புழு கொண்டுவந்து ஊட்டினார்கள். பிறந்ததிலிருந்து அவள் அப்படி வயிறார உண்டதே இல்லை.

விடிந்தால் உச்சிக்கிளையில் வெள்ளச்சி!

"ஏட்டி, அது என் இடம்!"

"நேத்து நீ இருந்தேல்ல? இன்னைக்கு நான்!"

"அப்ப எங்களுக்கு எப்போ?" என்று கீழேயிருந்து ஐந்து பேர் கத்தினார்கள்.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக மேயும்போது ஒன்று மட்டும் உயரே உட்கார்ந்து காவல் காக்கிறது. வேலியோரம் அவை நாளெல்லாம் போடுகிற கூச்சல் வேறொன்றுமில்லை: "இறங்குடி, இப்ப என் முறை!"