உள்பக்கத் தாழ்ப்பாள்

ஒரே ஒரு ஊர்ல, கடலுக்கும் கோயிலுக்கும் நடுவுல, கஸ்பாருன்னு ஒருத்தன் இருந்தானாம். அவனுக்குத் தோணி இருந்துச்சு, வலை இருந்துச்சு, ரெண்டையும் மிஞ்சின வீம்பும் இருந்துச்சு. தாயில்லாத ஒரே மக, பேரு சலேத்து. அவ அப்பன் சம்மதம் இல்லாம, தோணி செய்யுற ஓடாவி மகனைக் கட்டிக்கிட்டா. அவ்வளவுதான், தெருவே கேக்க நின்னு, "இந்தக் கதவு இனி உனக்குத் திறக்காது. நானாத் திறந்தா நான் கஸ்பார் இல்ல"ன்னு கத்திட்டு, உள்ள போயி தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டான்.

போட்டான் சரி, சோறு இறங்கணுமே? இறங்கல. அப்புறம் கோயிலுக்குப் போயி அந்தோனியார் சுரூபத்து முன்னால நின்னான்.

"தொலைஞ்சதைத் தேடித் தர்றவரு நீரு. என் மகளைக் கொண்டாந்து தாரும், என் உசரத்துக்கு மெழுகுதிரி ஏத்துறேன். ஆனா கதவை நான் திறக்க மாட்டேன், வார்த்தை விட்டுட்டேன். அதையும் நீரே பாத்துக்கிடும்."

பாத்தீங்களா, புனிதர்கிட்டயே பேரம் பேசுறான்! நேர்ச்சை வச்சாச்சு, இனி அவரு பாடுன்னு வீட்டுல வந்து உக்காந்துட்டான்.

அப்புறம் ஒரு மழை நாள்ல கதவு தட்டுற சத்தம் கேட்டுச்சு. "அப்பா, நாந்தான் சலேத்து." கஸ்பாருக்கு உசுரு வந்துச்சு. "அந்தோனியாரே, திறவும்"னான். கதவு திறக்கல. அவ நனைஞ்சுக்கிட்டே போயிட்டா.

அப்புறம் கிறிஸ்துமஸ் அன்னைக்குக் கதவு தட்டுற சத்தம் கேட்டுச்சு. "அப்பா, பேரனைக் கொண்டாந்திருக்கேன், ஒரு முத்தம் குடுங்க." உள்ள இவன், "அந்தோனியாரே, திறவும்"னான். திறக்கல. பிள்ளை அழுத சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு.

அப்புறம் ஒரு மத்தியானம். "அப்பா, நாங்க கொழும்புக்குப் போற தோணி கிளம்பப் போகுது. முகத்தைக் காட்டுங்கப்பா." கஸ்பாரு எந்திரிச்சான், தாழ்ப்பாள் மேல கையை வச்சான், கை கிடுகிடுன்னு நடுங்குச்சு. "திறவும் அந்தோனியாரே, இப்பவாவது திறவும்!" நின்னான், நின்னான், நின்னுக்கிட்டே இருந்தான். வெளிய காலடிச் சத்தம் தேஞ்சு போச்சு. பாவி மனுசன்! இப்ப சொல்லும்போதும் எனக்கு வயிறு எரியுது.

கோயிலுக்கு ஓடினான். "ஏமாத்திட்டீரே!"ன்னு கத்தினான்.

அந்தோனியார் கேட்டாரு, "மூணு தடவை வாசலுக்குக் கூட்டியாந்தேனே கஸ்பாரு?"

"கதவைத் திறக்கலியே!"

"உன் கை நடுங்குச்சே, அது யாரு வேலைன்னு நெனச்ச? ஆண்டவர் உன் நெஞ்சுக்குள்ள வந்து உன்னை எழுப்பினாரு, நடக்க வச்சாரு, கையைத் தாழ்ப்பாள் வரைக்கும் கொண்டாந்தாரு."

"மிச்சத்தையும் அவரே செஞ்சிருக்கக் கூடாதா?"

"செஞ்சிருந்தா, காத்துல கதவு திறந்துச்சுன்னு இருக்கும். அப்பா திறந்தாருன்னு உன் மக சொல்ல முடியுமா?"

கஸ்பாரு கடற்கரைக்கு ஓடினான். பாய் விரிச்ச தோணி தூரத்துல வெள்ளையா தெரிஞ்சுது, கூப்பிட்டான், கேக்கல.

மெழுகுதிரியை ஏத்தினான், பாக்கி வைக்கல. வீட்டுக்கு வந்து கதவையே பேத்து எடுத்துட்டான். மணலடிச்சாலும் மழையடிச்சாலும் வாசலைப் பாத்தே உக்காந்திருந்தான். வந்தாளான்னு கேக்காதீங்க. அவன் கண்ணை மூடுற வரைக்கும் வரல.

ஆண்டவர் கதவை உடைச்சுக்கிட்டு வரமாட்டாரு பிள்ளைகளா. கை நடுங்குறப்பவே திறந்துருங்க. கஸ்பாரு கதை கரை சேந்துச்சு, கண்ணை மூடித் தூங்குங்க.