சிரமத் துவேஷம் பிடித்த ஆவுடையப்பன்

குளத்தை வெட்டுவது ராஜா, காப்பாற்றுவது ஊர் என்று இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் வேலங்குறிச்சி என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு மேற்கே பெரிய குளம். குளம் பெருகினால் ஊர் சாப்பிடும், கரை உடைந்தால் ஊர் பட்டினி கிடக்கும்.

அதனால் அவர்கள் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். கரையைக் கல் நட்டு வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரித்திருந்தார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் அவரவர் வண்டல் வெட்டி அவரவர் பங்கை உயர்த்த வேண்டும். ஒரு வீட்டில் ஆண்பிள்ளை நோயில் விழுந்தால் மட்டும், அந்தப் பங்கை இரண்டு பக்கத்து வீட்டாரும் சேர்ந்து உயர்த்துவார்கள். நல்ல மனிதர்கள் செய்த நல்ல ஏற்பாடு. நல்ல ஏற்பாட்டில்தானே ஆவுடையப்பன் மாதிரி ஆட்கள் புகுந்து படுத்துக்கொள்ள முடியும்!

ஆவுடையப்பன் வாட்டசாட்டமான ஆள். சாப்பாட்டில் குறை வைக்க மாட்டான். மண்வெட்டியைப் பார்த்தால்தான் சங்கடம். முதல் வருஷம் இடுப்பு பிடித்துக்கொண்டது என்றான். அடுத்த வருஷம் முழங்கால் என்றான். அதற்கடுத்த வருஷம் தோள்பட்டை என்றான். அதன்பிறகு சொல்வதற்கு உடம்பில் பாகம் மிச்சமில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு நாடோடி வைத்தியர் வந்து சத்திரத்தில் தங்கினார். ஆவுடையப்பன் அவரை வீட்டுக்கு அழைத்துக் கோழி விருந்து வைத்தான். கோழியைப் பிடித்தது, அடித்தது, குழம்பு வைத்தது எல்லாம் அவன் மனைவி வெயிலுகந்தாள். சாப்பிட்ட கை காய்வதற்குள் வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார்.

"இது சிரமத் துவேஷம்" என்றார். "வேலை செய்வதால் வருகிற நோய் இல்லை. வேலையை நினைத்தாலே வருகிற நோய்."

இங்கிலீஷில்கூட இதற்கு எர்கோபோபியா என்று ஒரு பெயர் இருக்கிறதாம். யாரும் அதிகம் சொல்வதில்லையாம். என் வாயிலும் சரியாக நுழையவில்லை. நம்மூரில் சோம்பேறித்தனம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் சுருக்கமாகச் சொன்னால் மரியாதை கிடைக்காதே.

நாட்டாமை சிவனணைஞ்சபெருமாள் அந்தப் பெயரைக் கேட்டு ஆடிப்போய்விட்டார். "பேரே இம்புட்டு நீளமா இருக்கு, நோவு எம்புட்டு இருக்கும்? பாவம், படுத்துக் கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

ஆவுடையப்பன் பங்கை வலப்பக்கத்து வீட்டு மாடக்கண்ணுவும் இடப்பக்கத்து வீட்டுக் குத்தாலமும் உயர்த்த வேண்டும். மறுநாள் மாடக்கண்ணுவுக்குச் சிரமத் துவேஷம் கண்டது. அதற்கு மறுநாள் குத்தாலத்துக்குக் கண்டது. மூன்றாவதாக நாட்டாமையின் மைத்துனனுக்கே கண்டது. அப்புறம் தெருத் தெருவாகப் பரவியது. வைத்தியருக்குத் தினமும் ஒரு வீட்டில் கோழி.

வெயிலுகந்தாள் கூடையை எடுத்துக்கொண்டு தனியாகக் கரைக்குப் போனாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை சுமந்தாள். இரண்டு பக்கமும் கைவிட்ட கரையை ஒருத்தி எவ்வளவு உயர்த்த முடியும்? அன்று திரும்பும்போது சத்திரத்துக்குப் போய், பத்துப் பேர் கேட்க வைத்தியரைக் கேட்டாள்.

"வைத்தியரய்யா, நோவுக்குப் பேரு சொன்னிய. பத்தியம் சொல்லலியே?"

பத்தியம் இல்லாத நோயை அந்த ஊரில் யாரும் நோய் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வைத்தியர் தொண்டையைச் செருமினார். உப்பு ஆகாது என்றார். புளி ஆகாது என்றார். உறைப்பு ஆகாது என்றார். வெறுங்கஞ்சிதான் கொடுக்க வேண்டும் என்றார்.

வெயிலுகந்தாள் அதை அப்படியே செய்தாள். ஊர்ப் பெண்களும் செய்தார்கள். முதல் கஞ்சியிலேயே சிலருக்குக் குணமாகிவிட்டது. ஆனால் நாள் போய்விட்டதே! அதற்குள் மலையில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளம் குளத்துக்குள் இறங்கியது.

ஆவுடையப்பன் பங்குதான் கரையிலேயே தாழ்ந்த இடம். தண்ணீர் அங்கே வழிந்து, மண்ணை அரித்து, ஓர் ஆள் அகலத்துக்கு வாய் திறந்துவிட்டது. போட்ட மண்ணெல்லாம் கரைந்து போனது. வெயிலுகந்தாள் யோசிக்கவில்லை. அந்த உடைப்பில் குறுக்கே உட்கார்ந்து தண்ணீருக்கு முதுகைக் கொடுத்தாள். மற்றப் பெண்கள் அவளைச் சுற்றி மண்ணும் வைக்கோலுமாகக் கொட்டினார்கள். நாட்டாமை ஆள் தேடி ஊருக்குள் ஓடினார்.

ஆவுடையப்பன் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே உறியில், வெயிலுகந்தாள் தனக்கு வைத்திருந்த கருவாட்டுக் குழம்புச் சட்டி தொங்கியது. வெறுங்கஞ்சி குடித்து நாக்குச் செத்துப்போன ஆவுடையப்பன், அதை எட்டி எடுப்பதற்காகக் கல் உரலைத் தனியாளாக உருட்டி உறிக்கு நேரே கொண்டுவந்துகொண்டிருந்தான். இரண்டு பேர் சேர்ந்தாலும் மூச்சு வாங்கவைக்கும் உரல் அது.

நாட்டாமைக்குக் கோபப்பட நேரமில்லை.

"ஏலே ஆவுடை, ஒம் பங்குல கரை உடையுது. ஒம் பொண்டாட்டி அதுக்குள்ள உக்காந்திருக்கா. அந்த உரலை அப்படியே வெளியே உருட்டு."

ஆவுடையப்பன் குழம்பை மறந்தான். உரலை உருட்டினான். வாசலைத் தாண்டி உருட்டினான். தெருவைத் தாண்டி உருட்டினான். கரைச் சரிவில் நெஞ்சைக் கொடுத்து மேலே தள்ளினான். வெயிலுகந்தாளின் கழுத்துவரை சேறாக இருந்தது. உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

"எந்திரி வெயிலு" என்றான்.

"மொதல்ல உரலை வையிங்க. நான் எந்திரிச்சா ஊரு போயிரும்."

அவள் முதுகை ஒட்டி உரலை இறக்கினான். மேலே மண் விழுந்தது. தண்ணீர் நின்றது. வெயிலுகந்தாளால் எழுந்திருக்க முடியவில்லை, கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன. ஆவுடையப்பன் அவளைத் தூக்கிக் கரைமேல் உட்கார வைத்தான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கு ஒரு நோவும் இல்ல வெயிலு" என்று அவள் காதோடு சொன்னான்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "ஊருக்குச் சொல்லுங்க."

அதற்குள் நாட்டாமையின் கூச்சல் கேட்டு ஊர் முழுக்கக் கரைக்கு வந்து நின்றது. உரலை உருட்டியதைவிட அது கஷ்டமாக இருந்தது அவனுக்கு. ஆனாலும் எழுந்து நின்று எல்லோர் காதிலும் விழும்படி அதைச் சொன்னான். அவன் சொல்லி முடித்ததும், மாடக்கண்ணுவும் குத்தாலமும் யார் முகத்தையும் பார்க்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு மண் எடுக்கப் போனார்கள்.

பெரியவர்களே, பிள்ளைகளே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: வேலைக்கு அஞ்சுகிறவன் அதற்கு எவ்வளவு பெரிய பெயர் வைத்தாலும் அவன் போட்டுவிட்டுப் போன பாரத்தை யாரோ ஒருவர் முதுகு தாங்கிக்கொண்டுதான் இருக்கும்.